இசைவில்லை என்ற சொல்

அறல்வாய் என்ற ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. வடகரையில் இருந்தவர்களுக்கு ஒரு பேச்சு, ஒரு தெய்வம். தென்கரையில் இருந்தவர்களுக்குப் பேச்சும் வேறு, தெய்வமும் வேறு. ஒரு காலத்தில் இரண்டு கரைக்கும் நாற்பத்து மூன்று நாள் கலகம் நடந்தது. சந்தை எரிந்தது. இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது.

கலகம் ஓய்ந்தபோது ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். ஊரை ஆள ஒரு சபை. அதில் வடகரைக்கு ஆறு பேர், தென்கரைக்கு ஆறு பேர். கரைக்கு ஒரு தலைவர், ஒரு முத்திரை. இரண்டு முத்திரையும் விழுந்தால்தான் எதுவும் நடக்கும். எந்தக் கரையாவது ‘இசைவில்லை’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதை எழுதியவர் சபையின் எழுத்தர் எழினி. தென்கரைக்காரர். கலகத்தில் அவருடைய வலது தோள் எலும்பு முறிந்திருந்தது. உடன்படிக்கை முழுவதையும் இடது கையால்தான் எழுதினார்.

அந்தத் தோளைச் சேர்த்து வைத்தவர் வடிவு. ஆற்றின் நடுவே இருந்த மணல் திட்டில் குடிசை போட்டுக்கொண்டு எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்தவர். இரண்டு கரையிலும் முறிந்த கைகால்கள் எல்லாம் அவரிடம்தான் வந்தன. நீ எந்தக் கரை என்று அவர் யாரையும் கேட்டதில்லை. எழினி மூன்று மாதம் அந்தத் திட்டில் கிடந்தார். தோள் ஆறிய பிறகும் போக மனம் வரவில்லை. அதன்பின் மனம் குழம்பும்போதெல்லாம் ஓடம் ஏறி வந்துவிடுவார். வடிவை ஆசான் என்றே அழைப்பார். எழினியைவிட ஆசானுக்குப் பதினாறு வயது குறைவு. அதனால் என்ன? கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

பதினான்கு வருஷம் போயிற்று. கலகம் திரும்பி வரவில்லை. வேறு எதுவும் நடக்கவும் இல்லை.

கிணற்றைத் தூர்வார வேண்டும் என்று வடகரை கேட்டது. தென்கரை இசைவில்லை என்றது. காய்ச்சல்காரர்களுக்கு ஒரு கொட்டகை வேண்டும் என்று தென்கரை கேட்டது. வடகரை இசைவில்லை என்றது. பாலத்துப் பலகைகள் இற்றுப்போயிருந்தன. அந்தப் பேச்சு நான்கு முறை சபைக்கு வந்தது. நான்கு முறையும் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னார்கள்.

ஆவணியில் ஒரு காலை, தேனம்மை என்ற வடகரைத் தயிர்க்காரி பாலத்தைக் கடந்தாள். நடுவழியில் பலகை முறிந்தது. பானையோடு ஆற்றில் விழுந்தாள். தென்கரை ஓடக்காரன் ஒருவன் குதித்து அவளை இழுத்துப் போட்டான். உயிர் பிழைத்தாள். இடது முன்கை இரண்டாக முறிந்துபோயிற்று.

அன்றைக்கே ஊரில் சண்டை மூண்டது. முறிந்தது எந்தக் கரைப் பலகை என்று.

எழினி அன்று ஒரு முடிவுக்கு வந்தார். உட்கார்ந்து புதிய உடன்படிக்கை ஒன்றை எழுதினார். இரட்டை முத்திரை வேண்டாம். தலைக்கட்டுக் கணக்குப்படி சபை. தென்கரையில் ஆள் பெருகியிருந்தது. ஆகவே தென்கரைக்கு எட்டு, வடகரைக்கு நான்கு. எது எட்டுப் பேருக்குச் சரியோ அது நடக்கும். தென்கரைத் தலைவர் சேந்தன் அதைப் படித்துவிட்டு எழினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எழுத்து சபைக்கு வருவதற்கு முன்னே செய்தி வடகரைக்குப் போய்விட்டது. அங்கே வீட்டுக்கு வீடு மூங்கில் வெட்டுகிறார்கள் என்று தென்கரையில் பேச்சு அடிபட்டது. வேலிக்காம் என்றார்கள். சொன்னவர்களும் நம்பவில்லை, கேட்டவர்களும் நம்பவில்லை.

புரட்டாசி பாதிக்கு மேல் போன பிறகு, சுருட்டிய எழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழினி திட்டில் வந்து இறங்கினார்.

“ஆசானே, ஒன்று கேட்க வேண்டும்.”

“கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், எழுத்தரே. இங்கே பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.”

உள்ளே தேனம்மை பாயில் உட்கார்ந்திருந்தாள். எலும்பு அசையாமல் இருக்க முன்கையைச் சுற்றி நான்கு மூங்கில் பத்தைகள். மேலே துணிக்கட்டு. விழுந்து நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தது.

எழினி அவளுடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். ஆசான் துணியைப் பிரிக்கத் தொடங்கினார்.

“கேளுங்கள்” என்றார் ஆசான்.

“நோய் போன பிறகும் மருந்தைக் குடிக்க வேண்டுமா?”

ஆசான் கடைசிச் சுற்றைப் பிரித்துப் பத்தைகளை எடுத்துக் கீழே வைத்தார்.

எழினி அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். வலது கையின் பருமனில் பாதிகூட இல்லை. தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. விரல்கள் மடங்க மாட்டேன் என்றன.

“எலும்பு சேரவில்லையா?”

“நன்றாகச் சேர்ந்திருக்கிறது.”

“பின்னே ஏன் இப்படி?”

“கட்டினால் இப்படித்தான் ஆகும். எலும்பைச் சேர்க்கும். சதையைத் தின்னும்.”

எழினியின் முகம் மலர்ந்தது. தான் கேட்க வந்த பதில் இதுதான் என்று தோன்றியது. “அதைத்தான் நானும் சொல்கிறேன், ஆசானே! இனிமேல் இது எதற்கு?” என்று நான்கு பத்தைகளையும் வாரி எடுத்தார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பு பக்கத்திலேயே இருந்தது.

“ஐயோ, வேண்டாம்!”

தேனம்மை கத்தியபடி கையை வெடுக்கென்று இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் முழங்கை சுவரில் மோதியது. வலியில் உடல் சுருண்டது.

எழினி பதறிப்போனார். ஆசான் பத்தைகளை அவர் கையிலிருந்து வாங்கி, துணியை இழுத்துக் கட்டாமல் தளர்வாகச் சுற்றி, நான்கையும் பழையபடி வைத்தார். கையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. தேனம்மையின் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார்.

“தேனம்மா.”

“சொல்லுங்க, ஆசானே.”

“நாலு பத்தை இருக்கிறது. இன்றைக்கு எதை எடுக்கலாம்?”

அவள் திகைத்துப் பார்த்தாள். “என்னைக் கேட்கிறீங்களா?”

“உன்னைத்தான்.”

தேனம்மை கையை மெல்ல அசைத்துப் பார்த்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். நெடுநேரம் யோசித்தாள். பிறகு முழங்கைப் பக்கம் நீண்டிருந்த ஒரு பத்தையைத் தொட்டாள்.

“இது. இது இருந்தால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.”

ஆசான் அதை உருவி எடுத்தார். “மற்றது?”

“இன்றைக்கு வேண்டாம்.”

“சரி.”

எழினிக்குப் பொறுக்கவில்லை. “வைத்தியம் தெரிந்தவர் நீங்கள், ஆசானே. அவள் பயந்துபோய்ச் சொல்கிறாள். எதை எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாமா?”

“எலும்பு எப்போது சேரும் என்று எனக்குத் தெரியும். எது இல்லாமல் அவளால் தூங்க முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கை அவளுடையது.”

தேனம்மை கையை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள். சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கியது.

ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு எழினி பக்கம் திரும்பினார். “கக்கத்தில் என்ன?”

எழினி எழுத்தை நீட்டினார். ஆசான் அதை வாங்கவில்லை.

“இதை எழுதும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?”

“சேந்தன் இருந்தார். எங்கள் கரைப் பெரியவர்கள் இரண்டு பேர்.”

“மருதாயி?”

மருதாயி வடகரையின் தலைவர்.

“அவரிடம் காட்டினால் இசைவில்லை என்பார்.”

ஆசான் எழுந்து காய்ந்த எண்ணெயை இறக்கி வைத்தார். எழினி எழுத்தை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கும்பிட்டுவிட்டு ஓடத்துக்குப் போனார்.

“தென்கரைக்குத்தானே?” என்று துடுப்பை எடுத்தபடி ஓடக்காரன் கேட்டான்.

எழினி எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வடகரைக்கு” என்றார்.

*

சபை வேலை இல்லாமல் எழினி அந்தக் கரையில் கால் வைத்துப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கதவுகள் ஒருக்களித்துத் திறந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மருதாயி வீட்டு முற்றத்தில் மூங்கில் ஆளுயரத்துக்கு வெட்டி அடுக்கியிருந்தது. அவர் தனியாக உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“வேலிக்கா?” என்றார் எழினி.

“வேலிக்குத்தான்” என்றார் மருதாயி.

இரண்டு பேரும் மூங்கிலைப் பார்க்காமல் இருந்தார்கள்.

“உங்களுக்கு எட்டு, எங்களுக்கு நாலாமே” என்றார் மருதாயி. “எழுதினது யார்?”

“நான்தான்.”

மருதாயியின் கை நின்றது. மறுப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்திருந்தார் போலும். “உட்காருங்கள்” என்றார்.

எழினி உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“மருதாயம்மா, எந்தெந்த விஷயத்துக்கு உங்களுக்கு அந்தச் சொல் கட்டாயம் வேண்டும்?”

“எந்தச் சொல்?”

“இசைவில்லை என்ற சொல். எதற்கு அது இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது? எதற்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை?”

மருதாயி அவரை உற்றுப் பார்த்தார். “யார் கேட்கச் சொன்னது? சேந்தனா?”

“சேந்தனுக்கு நான் இங்கே வந்தது தெரியாது. தெரிந்தால் கோபப்படுவார்.”

மருதாயி இன்னும் இரண்டு காயை உரித்தார். முற்றத்தில் ஒரு கோழி அவரைக்காய்த் தோலைக் கிளறிக்கொண்டிருந்தது.

“இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் வந்தார்கள்” என்றார் மருதாயி. “எப்போது விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். எது வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.”

“நானும் கேட்டதில்லை.”

“நிலம்” என்றார் மருதாயி. “எங்கள் நிலத்தை அளப்பது, எடுப்பது. எங்கள் கோயிலும் தேர் போகிற தெருவும். பிள்ளைகள் எங்கள் பேச்சில் படிப்பது. அப்புறம் காவல்காரர்கள். கலகத்தின்போது காவல்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் கரை. என் தம்பி அவர்களிடம் ஓடினான், காப்பாற்றுவார்கள் என்று.”

எழினி தலை குனிந்திருந்தார்.

“இந்த நாலும் போனால் நான் தூங்க மாட்டேன்.”

“கிணறு?”

“கிணற்றுக்கு எதற்கு?”

“காய்ச்சல் கொட்டகை?”

“வேண்டாம்.”

“பாலம்?”

மருதாயி அவரைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தார். அவருடைய குரல் இறங்கிப்போயிருந்தது.

“கடைசி முறை பாலத்துக்கு இசைவில்லை என்று சொன்னது நான். உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் எழுதிக்கொண்டீர்கள். முந்தின மாதம் எங்கள் கிணற்றுக்கு நீங்கள் சொன்னீர்கள், அதனால் நான் சொன்னேன். பாலத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “விழுந்தது என் தம்பி மகள்.”

எழினிக்கு அது தெரியாது. தேனம்மை சொல்லவில்லை. ஆசானும் சொல்லவில்லை.

“எந்தக் கரைப் பலகை என்று ஊரே அடித்துக்கொண்டது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து என் முகத்தைக் காட்ட முடியவில்லை.”

“இன்று காலை அவள் கையைப் பிடித்திருந்தேன்” என்றார் எழினி. “எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது. சுண்டுவிரல் மடங்குகிறது.”

மருதாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். எழினி பக்கத்தில் வைத்திருந்த எழுத்தை எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை குறுக்கே கோடு இழுத்தார். அதன் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்.”

*

சேந்தன் படித்துவிட்டுக் குதித்தார்.

“எட்டோடு வருவீர்கள் என்று பார்த்தால் பழையபடி ஆறோடு வந்து நிற்கிறீர்களே, அண்ணா!”

“ஆறுதான், தம்பி. ஆனால் அந்த நாலு விஷயம் தவிர மற்றதுக்கெல்லாம் ஏழு பேர் கை தூக்கினால் போதும். அந்த நாலில் எதற்காவது இசைவில்லை என்றால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். பத்து நாள் கழித்து அதையே மறுபடி பேச வேண்டும்.”

“ஏழுக்கு எங்கே போவது? நம்மிடம் இருப்பது ஆறு.”

“அவர்களிடமும் ஆறுதான்.”

சேந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நம் ஆட்கள் என்னை விற்றுவிட்டவன் என்பார்கள்.”

எழினி அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டு கேட்டார்: “எது இருந்தால் சொல்ல மாட்டார்கள், தம்பி?”

அந்தக் கேள்வியைச் சேந்தன் எதிர்பார்க்கவில்லை. அறையில் இப்படியும் அப்படியும் நடந்தார். கடைசியில், “ஒரு வருஷத்தில் எட்டு மாதம் வடகரைக்காரர்கள் சபைக்கு வராமல் கதவைச் சாத்தி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?” என்றார். “யார் வராவிட்டாலும் சபை கூட வேண்டும். அது மட்டும் எழுதுங்கள். அதைச் சொல்லி நான் சமாளித்துக்கொள்கிறேன்.”

அதை மருதாயியிடம் கொண்டுபோனார் எழினி. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அவர் சரி என்றார். மூன்று வாரம் இப்படியே ஓடம் போவதும் வருவதுமாக இருந்தது. முடிவில் பழைய வழக்கப்படியே இரண்டு முத்திரையும் விழுந்தன. மருதாயி முதலில் வைத்தார்.

புதிய ஏற்பாட்டில் சபை முதல்முறை கூடிய அன்று எழினி எழுதுகோலை இரண்டு முறை கீழே போட்டார். இரண்டு கரைத் தெருக்களிலும் ஆட்கள் கூடி நின்றார்கள்.

எடுத்த எடுப்பில் பாலம். இரண்டு கரைத் தச்சரும் சேர்ந்து பலகை மாற்ற வேண்டும் என்பது பேச்சு.

“சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்” என்றார் எழினி.

தென்கரையில் ஐந்து கைகள் எழுந்தன. ஆறாவது எழவில்லை. “எங்கள் தச்சர் மட்டும் செய்தால் தூக்குகிறேன்” என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேந்தன் அவரை முறைத்தார். அவர் அசையவில்லை.

வடகரைப் பக்கம் ஒரு கையும் இல்லை. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். வெளியே யாரோ இருமினார்கள்.

மருதாயி கை தூக்கினார்.

ஆறு.

வடகரையின் கடைசி இருக்கையில் இருந்தவர் மருதாயியைப் பார்த்தார், சேந்தனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவரும் தூக்கினார்.

எட்டு. தூக்காதவர்கள் நான்கு. அந்த நான்கில் ஒருவர் தென்கரை, மூவர் வடகரை.

இப்படி ஒரு கணக்கை அந்த அறை கண்டதில்லை. பிறகு சேந்தன், “முடிவு என்ன ஆகும் என்று தெரியாமல் இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தேன்” என்றார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. கை தூக்காத தென்கரைக்காரரும் தூக்காத வடகரைக்காரர் ஒருவரும் வெளியே போகும்போது, இந்தப் பாலம் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்கள் சேர்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

எழினி எழுதி முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. எதற்கென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மருதாயி வீட்டு மூங்கில் கடைசியில் உண்மையாகவே வேலியாகிவிட்டது.

*

தை பிறந்து பாலத்தில் வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் எழினி மறுபடி திட்டுக்குப் போனார். ஆசான் எலும்புக் கட்டுக்காக உளுந்து மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். எழினி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“ஊர் எப்படி இருக்கிறது?”

“நன்றாக இருக்கிறது, ஆசானே. கிணறு தூர்வாரியாயிற்று. கொட்டகைக்குக் கூரை போட்டாயிற்று. சபையில் கத்துகிறார்கள், மேசையில் அடிக்கிறார்கள். ஆனால் வேலை நடக்கிறது.”

“நல்லது.”

“போன வாரம் காவல்காரர் நியமனம் வந்தது. மருதாயி எழுந்து நின்றார். அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறார் என்று எழுதுகோலை எடுத்துவிட்டேன். அந்த ஆள் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.”

ஆசான் தலையசைத்தார். மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார்.

“ஆசானே, ஒன்று கேட்க வேண்டும்.”

“கேளுங்கள்.”

“அந்த நாலு விஷயத்துக்கு இன்னும் அந்தச் சொல் இருக்கிறது. அதையும் எப்போது எடுக்கலாம்?”

“கடைசியாக அதை எப்போது சொன்னார்கள்?”

“எழுபத்தோரு நாள் ஆகிறது” என்றார் எழினி. யோசிக்கக்கூட இல்லை.

ஆசான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“அந்த எண்ணிக்கை உங்களுக்கு மறந்துபோகட்டும், எழுத்தரே. பிறகு வந்து கேளுங்கள்.”